சத்தம் போடாத எழுத்து

எங்கள் குடாவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே சமையலறைக்கு வருவார்கள். அடுப்பு ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்றே கேட்பார்கள். தட்டுகிறவர்கள் என்று பார்த்தால் போலீஸ்காரர், ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார், அப்புறம் கடலில் உங்கள் ஆள் போய்விட்டான் என்று சொல்ல வருகிறவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீடு வீடாக ஆட வருகிற மாறுவேடக்காரர்களும் தட்டுவார்கள். அவர்கள் அன்னியர் போல நடிக்கிறவர்கள் என்பதால் தட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் என் வீட்டுப் பின்கதவுக்கு நான் உள்ளே கொக்கி போட்டேன். வெளியே ஒரு பலகையில் 'நாக்' என்று இங்கிலீஷில் பெயின்டால் எழுதி ஆணியடித்தேன். தட்டு என்று அர்த்தம். கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து தீவின் இந்தப் பக்கக் கரை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு பலகை கிடைக்காது.

நான் நண்டு ஆலையில் வேலை செய்கிறேன். நண்டின் கால்களைக் கொத்தாகப் பிடித்து இரும்பு விளிம்பில் அடித்துப் பிளப்பது என் வேலை. பக்கத்தில் கன்வேயர் ஓடும், பின்னால் ஐஸ் இறங்கும், மேலே காற்றாடிகள் உறுமும். அங்கே எல்லோரும் காதுமூடி போட வேண்டும் என்பது விதி. முதலாளியே வந்தாலும் காதுமூடி இல்லையென்றால் மேஸ்திரி வாசலோடு திருப்பி அனுப்புவார். அந்தச் சத்தம் என்னை ஒன்றும் செய்வதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாக, விடாத மழை மாதிரி பெய்துகொண்டிருக்கும். மழையில் நனைவது வேறு. யாரோ மறைந்து நின்று, எப்போது என்று சொல்லாமல், முகத்தில் ஒவ்வொரு சொட்டாகத் தெளிப்பது வேறு. வீடு எனக்கு அந்த இரண்டாவது.

தட்டில் கரண்டி உரசும். நாற்காலிக்கால் தரையில் இழுபடும். தேநீர்க் கெண்டி கத்தும். மற்றவர்களுக்கு இதெல்லாம் காதில் விழுகிறது. எனக்குப் பல்லில் விழுகிறது, முதுகுத்தண்டில் விழுகிறது. சிறு வயதில் இதற்காக அடி வாங்கினேன், பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினேன், எழுத்தே தெரியாமல் ஆலைக்குப் போனேன். காதைச் சோதிக்க ஆலைக்கு வருகிற ஒரு பெண்தான் என் பேச்சைக் கேட்டுவிட்டு, குறை காதில் இல்லை என்று நகரத்து டாக்டரிடம் அனுப்பினாள். அவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஆட்டிசம். ஐம்பது வயதைத் தாண்டித் தெரிந்துகொண்டேன். அழுதேன் என்று நினைக்காதீர்கள். திரும்பி வருகிற வழியில் கடையில் நிறுத்தி ஒரு துண்டு தடித்த ஃபெல்ட் துணி வாங்கினேன், நாற்காலிக்கால்களில் ஒட்டுவதற்கு.

அம்மா இருந்தவரை வீடு எனக்கு ஏற்றபடி இருந்தது. அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனாலும் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டவள் அவள்தான். அவள் போன பிறகு கரண்டி டிராயருக்குள் துணி விரித்தேன். கெண்டியின் ஊதியைப் பிடுங்கி எறிந்தேன். கிளறுவதற்கெல்லாம் மரக்கரண்டி. வேலை முடிந்து வந்து, அடுப்பில் விறகு போட்டு, டின் பால் ஊற்றிய தேநீரோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால், உடம்பில் ஒவ்வொரு திருகாகத் தளரும். அந்த ஒரு மணி நேரம் இருந்ததால்தான் மறுநாள் என்னால் ஆலைக்குப் போக முடிந்தது.

பிறகு என் தம்பி ஹெட்லி அல்பர்ட்டா எண்ணெய் வயல் வேலையை விட்டுவிட்டு மனைவி லொரெட்டாவோடு வந்து சேர்ந்தான். அம்மா வீட்டை எங்கள் இருவருக்கும்தான் விட்டுப் போயிருந்தாள், அதில் தகராறு இல்லை. கூடவே பீரோ அகலத்துக்கு ஒரு டிவியும் வந்தது. அதைச் சமையலறையில் வைத்தார்கள். இங்கே எல்லாமே சமையலறையில்தான் நடக்கும். லொரெட்டாவின் ரேடியோ விடியலிலிருந்து பாடும். அவளுடைய மகன் கார்லண்ட் நண்டுப் படகில் போகிறான், அதனால் அவளுக்கு வானிலை கேட்டாக வேண்டும். இதற்கு மேல் ஹெட்லியின் கூட்டாளிகள். அவர்களில் லியாண்டர் என்று ஒருவன், சிரித்தால் மேஜையைக் குத்துவான். எல்லாவற்றுக்கும் சிரிப்பான்.

முதலில் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறையுங்கள் என்றேன். குறைத்தார்கள். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் பழையபடி ஏறியது. விறகுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன், அங்கே சங்கிலி ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஹெட்லி வந்தான். சோறு இறங்கவில்லை. ஆலையில் ஒருநாள் நண்டுக்குப் பதில் என் விரலை விளிம்பில் அடித்தேன். கடைசியில் காதுமூடியை ஆலையிலிருந்து கொண்டு வந்து, எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதே சாப்பாட்டு மேஜையில் மாட்டிக்கொண்டேன்.

அது பெரிய குற்றமாகிவிட்டது. மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது காதை மூடுகிறாளே என்று ஊரெல்லாம் பேச்சு. ஹெட்லி அதை என் காதிலிருந்து பிடுங்கினான்.

"பகல் பூரா அந்த மெஷினுக்கு நடுவுல நிக்கிற. வீட்டுல ஒரு கரண்டி விழுந்தா துள்ளுற. ஆலைக்காரன் சம்பளம் குடுத்தா மட்டும் உன் காது சும்மா இருக்குமோ?"

"அங்க போட்டா விதி. இங்க போட்டா திமிரு. ரெண்டும் ஒரே காதுதான்டா" என்றேன்.

டாக்டர் சொன்ன பெயரை அன்று அவர்களிடம் சொன்னேன். லொரெட்டா கெட்டவள் இல்லை. அவளுக்கு உண்மையாகவே குழப்பம்.

"அது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதுல்ல, வெர்னா? உன் வயசுக்கு அது எங்கேருந்து வந்துச்சு?"

"அந்தச் சின்னப் புள்ளைங்க வளந்ததும் எங்க போறாங்கன்னு நெனச்ச? நண்டு ஆலைக்குத்தான்."

லியாண்டர் மேஜையைக் குத்தினான்.

மறுநாள்தான் கொக்கியும் பலகையும். முன்பெல்லாம் ஆலை மூடிக் கிடக்கும் குளிர்காலங்களில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. நாற்பது தாண்டி அங்கேதான் எழுதப் படிக்கப் பழகினேன். அந்த 'நாக்' என்ற சொல்லுக்கு முன்னால் 'கே' என்று ஒரு எழுத்து நிற்கிறது, ஆனால் அது வாயைத் திறக்காது என்று டீச்சர் அப்போதே சொல்லியிருந்தாள். சத்தமே போடாத எழுத்துக்கு எதற்குப் பலகையில் இடம் என்று விட்டுவிட்டேன். வேறு யார் விட்டிருந்தாலும் போகட்டும். அமைதிக்கு இடம் கேட்கிற நானே விட்டேன்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் டொக் டொக்கென்று கதவு தட்டப்பட்டது. திறந்தால் லியாண்டரும் இன்னும் நான்கு பேரும். முகத்தில் ஜன்னல் திரை, தலையில் பெண்கள் தொப்பி, ஒருவன் சட்டைக்குள் தலையணை. மாறுவேடக்காரர்கள் செய்வது போல மூச்சை உள்ளுக்கு இழுத்துக் குரலை மாற்றிக்கொண்டு, "மாறுவேடக்காரங்க உள்ள வரலாமா?" என்றார்கள்.

உள்ளே இருந்து ஹெட்லி விழுந்து விழுந்து சிரித்தான். லியாண்டர் திரையைத் தூக்கிவிட்டுப் பலகையைத் தட்டிக் காட்டினான்.

"ஏ புள்ள, உன் பலகையில ஒரு எழுத்த நண்டு தின்னுடுச்சு."

"தின்னுட்டுப் போகுது. தட்டுனீங்கல்ல? அப்ப படிக்க முடியுதுல்ல?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். அவர்கள் சுற்றிப் போய்ச் சமையலறை ஜன்னல் வழியாக ஏறி வந்தார்கள். ஊருக்கு அது ஒரு வாரத்துச் சிரிப்பு. ஆனால் பலகையை நான் கழற்றவில்லை. ஒருவர் இருவர் தட்டவும் ஆரம்பித்தார்கள். தட்டினால் எனக்கு முன்கூட்டித் தெரியும், காதுமூடியை மாட்டிக்கொள்ளலாம், அல்லது மாடிக்குப் போகலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வரப்போகிறது என்று தெரிய வேண்டும்.

அப்புறம் அந்த மூடுபனி நாள் வந்தது. கார்லண்டின் படகு விடிகாலையில் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. ரேடியோவும் ஒன்றும் சொல்லவில்லை. லொரெட்டா கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஆலைக்கு நண்டு வரவில்லை, நானும் வீட்டில் இருந்தேன். அவள் பயந்தால் பேச மாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக, கனமாக, இடைவெளி விட்டு.

லொரெட்டாவின் கையிலிருந்து எனாமல் பாத்திரம் தரையில் விழுந்தது. விழுந்து, உருண்டு, சுழன்று, அடங்க மறுத்தது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் கத்தி மாதிரி இறங்கியது. நான் மேஜைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திச் சுருண்டுகொண்டேன். லொரெட்டா சுவரோடு சரிந்து, மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொக்கியை எடுக்க ஆளில்லை. கதவு விடாமல் தட்டப்பட்டது.

ஹெட்லி மாடியிலிருந்து இறங்கி வந்து திறந்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. வாசலில் பக்கத்து வீட்டு ட்ரிஃபி அத்தை நின்றாள், ஒரு கையில் தடி, மறு கையில் காட்டுப்பழ ஜாம் பாட்டில்.

"என்னடா பேயப் பாத்த மாதிரி நிக்கிற? பலகையில தட்டச் சொல்லிருந்துச்சு, தட்டுனேன்."

படகு அன்று மதியமே வந்துவிட்டது. எஞ்சினில் ஏதோ கோளாறாம். கார்லண்ட் பசி என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தான், லொரெட்டா அவனை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். ஆனால் ஹெட்லி அதோடு விடவில்லை. கொக்கியைப் பிடுங்கினான். பலகையைப் பிடுங்கி விறகுப் பெட்டியில் எறிந்தான். என் பொண்டாட்டியின் உயிர் போயிருக்கும் என்றான். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. தட்டுவது என்றால் அவளுக்கு என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. பிறகு தீர்ப்புச் சொன்னான்.

"உனக்கு அமைதி வேணும்னா முன்ரூம் சும்மாதான் கெடக்கு. அங்க போய் உக்காரு. ஒருத்தரும் வரமாட்டாங்க."

வரமாட்டார்கள்தான். எங்கள் வீடுகளில் முன்ரூம் என்பது பாதிரியாருக்கும் பிணத்துக்கும். அப்பாவை அங்கேதான் கிடத்தினோம், அம்மாவையும் அங்கேதான். பாதிரியாருக்கென்று ஒரு மெத்தை நாற்காலி, சவப்பெட்டி வைக்க நடுவில் வெற்றிடம், எப்போதும் மூடிய திரை. முன்கதவும் அப்படித்தான். அம்மாவைத் தூக்கிப் போன பிறகு அதைத் திறக்கவேயில்லை. பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

போனேன். சோர்ந்து போயிருந்தேன், பொய் சொல்லி என்ன. தேநீரை எடுத்துக்கொண்டு போய், பாதிரியார் நாற்காலியில் உட்கார்ந்தேன். அமைதிதான். ஆனால் அடுப்புச் சூடு அங்கே எட்டாது. ஜூன் மாதத்திலும் மூச்சு புகையாகத் தெரிந்தது. மெழுகு வாசனை. சுவருக்கு அப்பால் லியாண்டர் மேஜையைக் குத்துகிறான், யாரோ என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், என் கெண்டியிலிருந்து ஊற்றிக் குடிக்கிறார்கள். எனக்கு மௌனம் கிடைத்துவிட்டது, வீடு போய்விட்டது. சரி, இப்படியே இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

அப்போது கதவு மெல்லத் திறந்தது. ஹெட்லி. மனம் உறுத்தியிருக்கும். ஒரு தட்டில் பன்றிக்கொழுப்பில் பொரித்த மாவு ரொட்டி, மேலே வெல்லப்பாகு. எனக்குப் பிடிக்கும். காலடிச் சத்தம் கேட்காமல் வந்தான். வந்தவன், வாசற்படி தாண்டியதும், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த அறைக்குள் தொப்பியோடு எந்த ஆணும் நுழைந்ததில்லை, கை தானாகப் போய்விட்டது. என் எதிரே தலையைக் குனிந்து, தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்கு எதிரே நின்ற அதே மாதிரி.

"தொப்பியப் போடு, ஹெட்லி."

அவனுக்குப் புரியவில்லை.

"தொப்பியப் போடுடா. நான் இன்னும் சாகல."

அவன் தன் கையைப் பார்த்தான். பார்த்ததும் முகம் சிவந்து போயிற்று. போட்டுக்கொண்டான். நான் எழுந்தேன். ரொட்டியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், லியாண்டரை என் நாற்காலியிலிருந்து எழுப்பி, உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினேன்.

லொரெட்டா பாய்ந்து வந்தாள். அவள் பையன் கடலில் போகிறான், ரேடியோவை மட்டும் தொடாதே என்றாள்.

"நிறுத்தல. தூக்கிட்டுத்தான் போறேன். இங்கேருந்து பாத்தா உனக்கு விறகுக் குவியல்தான் தெரியும். முன்ரூம் திரைய எடு, துறைமுக வாய் தெரியும். படகு வந்தா ரேடியோவுக்கு முன்னாடி உன் கண்ணு சொல்லும்."

அவள் முன்ரூமுக்குப் போனாள். திரை வளையங்கள் கிரீச்சென்று நகர்வது கேட்டது. எனக்குப் பல் கூசியது, பொறுத்துக்கொண்டேன். வெகுநேரம் அவள் திரும்பி வரவில்லை.

ஹெட்லிதான் கத்தினான்.

"அப்ப என் ஆளுங்கள செத்தவங்க ரூம்ல உக்கார வைக்கணுமா நான்?"

"என்னைய உக்கார வச்சியே."

மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் தொடர்ந்தேன். சத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பேசுங்கள், பாடுங்கள், மேஜையைக் குத்துங்கள், ஆனால் அங்கே. அடுப்பு இருக்கிற இடத்தில் நான் இருப்பேன். இந்தத் தரையில் நான்தான் மேஸ்திரி. ஆலையில் காது வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டென்றால் என் வீட்டிலும் உண்டு.

முன்கதவு திறக்காதே என்றான் ஹெட்லி, கடைசி நம்பிக்கையாக. நான் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தேன். காதுமூடியை மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்த்திருக்க, சட்டத்தின் இடுக்கில் குத்தி நெம்பினேன். பெயின்ட் தெறித்தது, பலகை அலறியது. இவ்வளவு சத்தத்தை நானே போடுகிறேனே என்று லியாண்டர் கேட்டானாம், எனக்குக் கேட்கவில்லை. நான் போடுகிற சத்தம் எனக்கு வலிப்பதில்லை. எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். கதவு திறந்துகொண்டதும் கடற்காற்று வீட்டுக்குள் புகுந்து நேராக ஓடியது. டிவியை ஒரு பக்கம் நான் தூக்கினேன். இன்னொரு பக்கத்தை யாரும் தூக்கவில்லை. நான் தூக்கியபடியே நின்றேன். டிவி நழுவ ஆரம்பித்த பிறகு ஹெட்லி திட்டிக்கொண்டே வந்து பிடித்தான்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத மாட்டேன். கூடப் பிறந்தவனைப் பிண அறைக்குத் தள்ளியவள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள், போகட்டும். வந்தவர்களும் முதலில் படாதபாடு பட்டார்கள். முன்கதவு வழியாக நுழைந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைச் சேர்த்து வைத்து, சர்ச்சில் பேசுகிற மாதிரி கிசுகிசுத்தார்கள். அந்த அறையில் குரலை உயர்த்த அவர்களுக்கு வாய் வரவில்லை. லியாண்டர் ஒருமுறை மேஜையைக் குத்தக் கையை ஓங்கிவிட்டு, அம்மாவின் படத்தைப் பார்த்துத் தொடையில் குத்திக்கொண்டானாம். ட்ரிஃபி அத்தை மட்டும் பாதிரியார் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, இதில் உட்கார ஒன்று படித்திருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும் என்று இத்தனை காலம் நினைத்தேனே என்றாளாம். பிறகு பழகிவிட்டது. இப்போது அங்கே ஆட்டமும் பாட்டும் இருக்கிறது. நடுவில் கூடமும் இரண்டு கதவும் இருக்கின்றன. போதும்.

பின்கதவுக்குக் கொக்கியைத் திரும்பப் போட்டேன். பலகையை அங்கே போடவில்லை. அது லொரெட்டாவுக்காக. அவள் இருக்கிற வீட்டின் வெளிக்கதவை யாரும் தட்டக் கூடாது. விறகுப் பெட்டியிலிருந்து பலகையை எடுத்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற கதவில் அடித்தேன். ஹெட்லி அதைத் தட்டுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து, நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு, அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சில நாள் முணுமுணுப்பான். சில நாள் அதுவும் இல்லை.

போன சனிக்கிழமை அந்தக் கதவு தட்டப்பட்டது. விரல் நுனியால், மெதுவாக. திறந்தால் லியாண்டர், கையில் காலிக் கோப்பையோடு. தேநீர் தீர்ந்துவிட்டதாம். கோப்பையை வாங்கி நிரப்பினேன். அவனால் சும்மா போக முடியுமா? பலகையைத் தலையால் காட்டினான்.

"ஏ புள்ள, இன்னும் அந்த 'கே' எங்கன்னு தெரியலையே?"

"உள்ளதான் இருக்கு, அடுப்புப் பக்கத்துல. சத்தம் போடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.